பரணில் தூங்கும் சமையல் சாமான்கள்: இறக்கி, சோதித்து, வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

போன வைகாசியில் வீடு மாறினோம். சாமான் ஏற்ற வந்த பையன் சமையலறைப் பரணை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தப் பெட்டியெல்லாம் ஏற்கெனவே கட்டித்தானே இருக்கு, அப்படியே ஏத்திடலாமா?" என்று கேட்டான். கட்டித்தான் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வேளச்சேரியிலிருந்து கிளம்பியபோது ஒட்டிய பிரவுன் டேப், பிரிக்கவே இல்லை. ஒரு பெட்டி மேல் என் கையெழுத்திலேயே "கிச்சன், அவசரமில்லை" என்று எழுதியிருந்தது.

இந்த முறை பிரித்துப் பார்க்காமல் ஏற்றக் கூடாது என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. பரணிலும் மேடையிலுமாக மொத்தம் 26 சாமான். கைப்பிடியோ, ஒயரோ, மோட்டாரோ, அச்சோ உள்ள எல்லாவற்றையும் எண்ணினேன்; கரண்டி, கிண்ணம், ஹாட்பாக்ஸ் கணக்கில் வராது. புது வீட்டுக்கு வந்தது 11. மீதியை எப்படிக் கழித்தேன், எங்கே சறுக்கினேன் என்பதைத்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நாலு பேர், தினமும் சோறு குழம்பு, வாரத்தில் நாலு நாள் இட்லி தோசை, மாமியாருக்குச் சர்க்கரை என்பதால் ராத்திரி சப்பாத்தி. தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்கும், வீட்டில் கேக் செய்து விற்பவருக்கும் பட்டியல் வேறாக வரும். சோதிக்கிற முறை ஒன்றுதான்.

படி 1: எல்லாவற்றையும் ஒரே நாளில் தரையில் பரப்புங்கள்

இன்றைக்கு ஒரு டிராயர், அடுத்த வாரம் ஒரு அலமாரி என்று ஆரம்பித்தால் வேலை நடக்காது, இங்கிருந்து எடுத்தது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் ஹாலில் ஒரு பழைய போர்வையை விரித்து மொத்தத்தையும் இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் அதன் மூடி, ஜாடி, ஒயர், அச்சு எல்லாம் பக்கத்திலேயே இருக்கட்டும். ஜோடி கிடைக்காதவற்றைத் தனியாக வையுங்கள். மூடி இல்லாத ஜாடியும் ஜாடி இல்லாத மூடியும் எங்கள் வீட்டில் ஏழு இருந்தன, ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

பிறகு ஒரு பேப்பரை எடுத்து ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டு விஷயம் எழுதுங்கள்: எப்படி வீட்டுக்குள் வந்தது, கடைசியாக எப்போது பயன்பட்டது. மாதம் வரை வேண்டாம், "பையன் எல்கேஜியில் இருந்தபோது" என்கிற அளவு போதும்.

இந்த இரண்டாவது பத்தியை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கும். முதல் பத்திதான் பாடம். நான் கழித்த 15 சாமான்களில் நாங்களாக யோசித்துக் கடைக்குப் போய் வாங்கியது நாலுதான். மற்றவை கல்யாணத்துக்கு வந்தவை (பால் குக்கர் மட்டும் இரண்டு), ஆடித் தள்ளுபடியில் வேறு எதையோ வாங்கப்போய் இலவசமாக ஒட்டிக்கொண்டவை, பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கும் மேளாவில் தலையில் கட்டியவை. மாமியாரோடு ஊரிலிருந்து வந்த ஒரு கிரைண்டரும் உண்டு, 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் அவர் ரேஷன் கார்டுக்குக் கிடைத்தது. ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருந்த வீட்டில் இரண்டாவது கிரைண்டர் எங்கே போகும்? பரணுக்குத்தான்.

அப்புறம் பொருட்காட்சி. தீவுத்திடலில் காதில் மைக் மாட்டிய ஒருவர் கேரட்டை எடுத்து, சறுக், சறுக், சறுக் என்று மூன்று இழுப்பில் பூ மாதிரி அடுக்கிக் காட்டினார். பன்னிரண்டு தகடு, ஒரு டப்பா, இன்றைக்கு மட்டும் இந்த விலை. அவர் கையில் இருந்த கேரட் தோல் சீவி, இரண்டு பக்கமும் வெட்டி, தகட்டின் அகலத்துக்குச் சரியாகத் தேர்ந்தெடுத்த கேரட் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. என்னிடம் இருந்தது சந்தையில் கிலோ போட்டு வாங்கிய கோணல் கேரட். பாதி இழுத்ததும் மாட்டிக்கொள்ளும். மீதிக் கட்டையை விரல் போகாமல் எப்படிச் சீவுவது என்பதை அவர் காட்டவே இல்லை, ஒவ்வொரு தடவையும் கட்டையை ஒதுக்கிவிட்டுப் புதுசு எடுத்தார்.

படி 2: கழுவிப் பாருங்கள், கடிகாரத்தோடு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு கருவி நல்லதா கெட்டதா என்பதை அது எவ்வளவு சீக்கிரம் வேலை செய்கிறது என்பதை வைத்து முடிவு செய்கிறோம். பரணுக்கு அனுப்புவது வேகமே இல்லை, கழுவுகிற நேரம்தான்.

எங்கள் ஜூஸரைச் சோதித்தேன். நாலு ஆரஞ்சு, தோல் உரித்து உள்ளே தள்ளி டம்ளரில் பிடிக்க நாலு நிமிஷம். பிரமாதம். அப்புறம் பிரித்தேன்: தள்ளுகட்டை, மேல் மூடி, சல்லடைக் கூடை, சக்கை விழும் டப்பா, சாறு விழும் கிண்ணம், அடித்தட்டு. சல்லடை என்பது ஊசி முனையளவு ஓட்டைகள் நூற்றுக்கணக்கில் உள்ள ஸ்டீல் கூடை, ஒவ்வொரு ஓட்டையிலும் ஆரஞ்சு நார் மாட்டியிருக்கிறது. ஸ்கிரப்பர் போட்டால் ஸ்கிரப்பரின் நாரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து, குழாய்க்குக் கீழே கூடையைத் திருப்பித் திருப்பி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, மறுபடி தேய்த்து... பதினொரு நிமிஷம். அதையும் உடனே செய்யவேண்டும், அரை மணி நேரம் விட்டால் நார் காய்ந்து சிமென்ட் ஆகிவிடும்.

நாலு நிமிஷ வேலைக்குப் பதினொரு நிமிஷக் கழுவல். இதே ஆரஞ்சை மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு வடிகட்டியில் ஊற்றினால் மொத்தமே ஆறு நிமிஷம்.

இப்படி ஒவ்வொன்றையும் ஒருமுறை நிஜமாகச் சமைத்து, நிஜமாகக் கழுவி, துடைத்து, திரும்ப அதன் இடத்தில் வைக்கிற வரை நேரம் பாருங்கள். கையால் செய்தால் ஆகும் நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். கருவி ஜெயிக்காவிட்டால் அது எவ்வளவு விலையாக இருந்தாலும் சரி, கழிக்கும் பக்கம். வீட்டில் பாத்திரம் கழுவ ஆள் வருகிறார் என்பவர்கள் இந்தக் கணக்கை ஏமாற்ற முடியாது. ஜூஸரை எங்கள் வீட்டுக்கு வரும் அக்காவிடமே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "வேணாம்மா, இங்க கழுவுறதே போதும்" என்றார்.

படி 3: இடமும் பிளக்கும்

மேடையில் நிரந்தர இடம் இல்லாத மின்சாதனம் வாரத்துக்கு ஒருமுறைகூடப் பயன்படாது. இதற்கு எனக்கு விதிவிலக்கு தெரிந்து ஒன்றுமில்லை. ஸ்டூல் போட்டு இறக்கி, தூசி துடைத்து, பக்கத்தில் இருப்பதை நகர்த்திப் பிளக் தேடுவதற்குள் தோசையே வார்த்துவிடலாம் என்று தோன்றிவிடும். ஆகவே மேடையை அளந்து, அடுப்பு, காய் நறுக்கும் இடம், சிங்க் ஓரம் போக எத்தனை சாதனம் நிற்கும் என்று பாருங்கள். சென்னை ஃபிளாட்டில் இரண்டு, மிஞ்சினால் மூன்று.

பிளக் விஷயம் பலர் யோசிக்காதது. சுவரில் இருக்கும் சின்ன மூன்று ஓட்டை சாக்கெட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட்ஸ். மிக்ஸி 500 முதல் 750 வாட்ஸ், கிரைண்டர் 150 வாட்ஸ் அளவு, இரண்டுக்கும் அதுவே தாராளம். எலெக்ட்ரிக் கெட்டில், ஏர் ஃபிரையர் 1,500 வாட்ஸ் பக்கம், இண்டக்‌ஷன் 2,000 வாட்ஸ் வரை போகும். இவற்றுக்கு 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். பழைய வீடுகளில் சமையலறைக்கு அப்படி ஒன்றே ஒன்று இருக்கும், அதில் ஃப்ரிட்ஜ் மாட்டியிருக்கும். கன்வெர்ட்டர் கட்டையைச் செருகி 6 ஆம்பியரில் ஓட்டினால் ஒயர் சூடாகிப் பிளக் உருகும். பவர் பிளக்குக்கு வழியில்லாத வீட்டில் அந்தச் சாதனமும் வேண்டாம்.

படி 4: முடிவு வராதவற்றுக்கு 15 நாள்

சிலது கழுவலிலும் தேறும், இடமும் இருக்கும், ஆனாலும் மனசு ஒப்பாது. அவற்றை ஒவ்வொன்றாக மேடையில் வைத்து 15 நாள் கொடுங்கள். ஒரே சமயத்தில் ஒன்றுதான். அந்த 15 நாளில் யாரும் சொல்லாமல் கை தானாக மூன்று தடவை அதை நோக்கிப் போனால் இருக்கட்டும்.

ரொட்டி மேக்கருக்கு இந்த வாய்ப்பைக் கொடுத்தேன். ராத்திரி சப்பாத்தி வீடு, நியாயமாக ஜெயித்திருக்க வேண்டும். வழக்கமான சப்பாத்தி மாவை வைத்து அழுத்தினால் ரப்பர் மாதிரி திரும்பச் சுருங்கியது. மாவு இன்னும் தளர்வாக, ஒட்டும் பதத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், பிசைந்து அரை மணி நேரம் ஊறவேண்டும், உருண்டையை நடுவில் வைக்காமல் கீல் பக்கம் தள்ளி வைக்கவேண்டும், அழுத்தியதும் ஒரு நொடியில் மூடியைத் தூக்கவேண்டும். ஒரு நொடி கூடுதலாக அழுத்திப் பிடித்தால் நீராவி வெளியே வர வழியில்லாமல் புஸ்ஸென்று கிழித்துக்கொண்டு வரும். நாலாவது நாள் வட்டம் வந்தது, மென்மை வரவில்லை. மாமியார் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்து, "இதை அப்பளம்னு சொல்லிப் போடு, யாரும் குறை சொல்ல மாட்டாங்க" என்றார். ஒன்பதாவது நாள் குழவி திரும்ப மேடைக்கு வந்துவிட்டது.

படி 5: வைத்துக்கொண்டவை, ஏன்

குக்கர் இரண்டு. மூன்று லிட்டரும் ஐந்து லிட்டரும். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ கூடுவதால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 120 டிகிரி பக்கம் போய்க் கொதிக்கிறது, துவரம்பருப்பு கால் மணி நேரத்தில் குழைவது அதனால்தான். கையால் செய்யவே முடியாத வேலை இது. வைத்துக்கொள்வது என்றால் பராமரிப்பதும் சேர்த்துத்தான்: வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள், பருப்பு நுரை அடைத்துக்கொள்ளும். எதுவானாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், சோறு, பருப்பு என்றால் பாதிக்கு மேல் போகாதீர்கள். ஓரத்தில் ஆவி கசிந்தால் கேஸ்கட் மாற்றும் நேரம். ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்தால் அன்றைக்கு ஓடும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த வைத்தியம், ஆனால் அது அன்றைக்கு மட்டும்தான். சேஃப்டி வால்வு ஒருமுறை உருகினால் அதே கம்பெனி வால்வைத்தான் வாங்கிப் போடவேண்டும், தெருமுனையில் கிடைக்கும் ஏதோ ஒன்று பொருந்துகிறதே என்று மாட்டக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத குக்கர் கல்யாணத்துக்கு வந்திருந்தால் அன்பளிப்பு என்று பார்க்காமல் கழித்துவிடுங்கள்.

மிக்ஸி. இதைப் பற்றி வாதமே கிடையாது, சட்னி அரைக்க அம்மிக்குத் திரும்பப் போகிறவர் யார். ஆனால் பலர் நல்ல மிக்ஸியைக் கெட்டுப்போனது என்று பரணில் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள், நானும் செய்திருக்கிறேன். கெட்டித் துவையல் அரைக்கும்போது திடீரென்று நின்றுபோனால் மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் ஒரு சின்னப் பட்டன், பெரும்பாலும் சிவப்பு, வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மோட்டார் திணறும்போது எரிந்துபோகாமல் காப்பாற்ற அதுவே கரன்டைத் துண்டித்திருக்கிறது. பத்து நிமிஷம் ஆறவிட்டு அதை உள்ளே அழுத்தினால் மறுபடி ஓடும். ஜாடி சுற்றாமல் அடியில் கடகடவென்று சத்தம் மட்டும் வந்தால் ஜாடியை மோட்டாரோடு பிணைக்கும் கப்ளரின் பல் தேய்ந்திருக்கிறது. அடியில் கறுப்பாகக் கசிந்தால் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் போய்விட்டது. இரண்டும் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை, மிக்ஸி ரிப்பேர் கடை எந்த ஊரிலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும். ஜாடி மட்டும் மூன்றுக்கு மேல் வேண்டாம். கூடவே வந்த ஜூஸ் ஜாடியை நடுவில் வடிகட்டிக் குழாய் செருகியபடியே கொடுத்திருந்தார்கள், அந்தக் குழாயை எடுத்துவிட்ட பிறகுதான் ஜாடி பயன்பட்டது, மோர் அடிக்க.

கிரைண்டர் எல்லோருக்கும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது மாவு ஆட்டும் வீடா என்று பாருங்கள். மாவுப் பாக்கெட் வாங்கிப் பழகிவிட்ட வீட்டில் அது எட்டுப் பத்துக் கிலோ கல்லை வைத்திருப்பதுதான். ஆட்டுகிறவர்களுக்கு மிக்ஸி மாற்று ஆகாது: மிக்ஸி பிளேடு நிமிஷத்துக்கு 18,000 சுற்று போகிறது, உளுந்து சூடாகிவிடும், ஐஸ் தண்ணீர் விட்டுச் சமாளிக்கலாமே தவிர மாவு அந்த அளவு பொங்காது. கல் மெதுவாக நசுக்குவதால் உளுந்துக்குள் காற்று ஏறி, கையில் எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறார்கள், காரணம் இல்லாமலா. டேபிள் டாப் இரண்டு லிட்டர் போதும். கூடவே தரும் மாவு பிசையும் கையும் தேங்காய் துருவும் சக்கரமும் நான் பார்த்த எந்த வீட்டிலும் பாலிதீன் உறையை விட்டு வெளியே வந்ததில்லை.

இரும்பு தோசைக்கல்லை வைத்துக்கொண்டு நான்ஸ்டிக்கை அனுப்பினேன். நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும், வெறும் கல்லைப் பெரிய தீயில் வைத்துவிட்டு மாவு எடுக்க ஃப்ரிட்ஜுக்குப் போனாலே அந்தச் சூடு வந்துவிடும். இரண்டு வருஷத்தில் நடுவில் வெளுத்துப்போகும், அப்புறம் ஒட்டும், தூக்கிப்போடவேண்டியதுதான். இரும்புக் கல்லை முதலில் பழக்கவேண்டும்: தேய்த்துக் கழுவி, வடித்த கஞ்சியில் இரண்டு நாள் ஊறப்போட்டு, கழுவித் துடைத்து, நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கி, அரை வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்து. முதல் பத்துத் தோசை கிழியும், பொறுத்துக்கொள்ளுங்கள். சப்பாத்திக்கு அதே கல்லைப் பயன்படுத்தினால் எண்ணெய்ப் பழக்கம் போய்விடும், அதனால் சப்பாத்திக்குத் தனியாக ஒரு பழைய கல் இருந்தால் நல்லது. எங்களிடம் பணியாரச் சட்டியும் இரும்புதான், அதே கதை.

இண்டக்‌ஷன் அடுப்பு தினசரிச் சமையலுக்கு இல்லை, சிலிண்டர் தீர்ந்த அன்றைக்கு. தினமும் மேடையில் இல்லாமலே இடம் பிடித்த ஒரே மின்சாதனம் இதுதான், ஏனென்றால் தட்டையாக அலமாரி ஓரத்தில் நிற்கும். வைத்துக்கொள்ளும் முன் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து உங்கள் குக்கர் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் அலுமினியம், இண்டக்‌ஷனில் சூடாகாது. அடுப்பு இருந்து பாத்திரம் இல்லாத வீடுகள் நிறைய.

காப்பி ஃபில்டர், முறுக்குக்கும் இடியாப்பத்துக்கும் ஒரே நாழி, மேடையில் ஒட்டிக்கொள்ளும் தேங்காய்த் துருவி. இவற்றில் ஒயரே இல்லை, ஒரு நிமிஷத்தில் கழுவலாம், எதுவும் சொல்லத் தேவையில்லை. நாழி மட்டும் திருகு வைத்த ஸ்டீலாக இருந்தால் கை வலிக்காது.

கடைசியில் ஒன்று, நானே எதிர்பார்க்காதது: டிஜிட்டல் எடை மெஷின். பையனின் பிறந்தநாள் கேக்குக்காக வாங்கியது, உண்மையில் பயன்படுவது அளவுச் சண்டைக்கு. மாமியாரின் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி, வீடியோக்களில் சொல்லும் கப் 240 மில்லி. ரவா லட்டு ஏன் உதிர்கிறது என்று மூன்று தடவை குழம்பிய பிறகு கிராமில் எழுதிவைக்க ஆரம்பித்தோம்.

படி 6: நடுவில் நிற்பவை

ரைஸ் குக்கர் நல்ல கருவி, எங்களுக்குத்தான் ஒத்துவரவில்லை. தண்ணீர் இருக்கும்வரை உள்ளே 100 டிகிரி தாண்டாது, வற்றியதும் சூடு சட்டென்று ஏறும், அடியில் இருக்கும் காந்தம் 103 டிகிரி பக்கம் பிடிப்பை இழந்து சுவிட்சை விட்டுவிடும். ஐம்பது வருஷத்துக்கும் மேலாக மாறாத அழகான ஏற்பாடு. கஞ்சி வடித்துச் சாப்பிடுகிற வீட்டில் அதற்கு வேலையில்லை. அண்ணன் பையன் கோயம்புத்தூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான், அவனுக்கு அதுதான் மொத்தச் சமையலறை, சோறு, உப்புமா, முட்டை எல்லாம் அதிலேயே.

மைக்ரோவேவை விற்றதற்குக் காரணம் எவர்சில்வர். மிச்சக் குழம்பு ஸ்டீல் கிண்ணத்தில் இருக்கிறது, அதை உள்ளே வைக்க முடியாது, கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றினால் ஒரு பாத்திரம் கூடுதல், அதற்குள் அடுப்பில் வைத்தே சூடாக்கிவிடுவோம். கண்ணாடி டப்பாக்களில் சமைத்ததை எடுத்துவைக்கும் பழக்கம் உள்ள வீட்டில் இதே சாதனம் நாளைக்கு நாலு தடவை ஓடும். வேகவைக்கிற வேலையை அதில் எதிர்பார்க்காதீர்கள், சூடுபண்ணத்தான்.

நூல் இழுக்கும் சாப்பர் ஆம்லெட்டுக்குப் பரவாயில்லை. சாம்பாருக்கு வெங்காயம் அதில் தண்ணி விட்டுக் கூழாகும். சின்ன வெங்காயம் உரிப்பதுதான் நம் சமையலறையின் பெரிய வேலை, அதற்கு வீட்டளவில் ஒழுங்காக ஒரு மெஷின் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பால் குக்கர், முட்டை வேகவைக்கும் டப்பா, சாண்ட்விச் டோஸ்டர், சிப்ஸ் சீவி, முட்டை அடிக்கும் பீட்டர் பற்றித் தனித்தனியாக எழுத ஒன்றுமில்லை. ஓடிஜி என்கிற மின் ஓவனில் கேக் மட்டும் செய்தோம், வருஷத்துக்கு ஒன்று.

படி 7: "எதுக்கும் இருக்கட்டும்" என்று பரணில் விடாதீர்கள்

பரணில் வைத்தால் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறோம். சித்திரை வெயிலில் கான்கிரீட்டுக்குக் கீழே இருக்கும் பரண் ஒரு அடுப்பு. கேஸ்கட், வாஷர், கிரைண்டர் பெல்ட் எல்லாம் ரப்பர், காய்ந்து வெடிக்கும். மோட்டாரின் காற்று ஓட்டை வழியாகக் கரப்பான் குடிபோகும். வாரன்டி அங்கேயே முடியும். மாமியாரின் கிரைண்டரை இறக்கிப் போட்டால் ம்ம்ம் என்று முனகியது, சுற்றவில்லை. அது கெபாசிட்டர் போனதன் அடையாளம், மோட்டார் போகவில்லை. கையால் லேசாகத் தள்ளிவிட்டால் சுற்ற ஆரம்பிக்கும் (விரலைக் கல்லுக்குள் விடாமல், டிரம்மின் விளிம்பைத் தள்ளுங்கள்). எலெக்ட்ரீஷியன் வந்து கெபாசிட்டரும் பெல்ட்டும் மாற்றினார், இப்போது நன்றாக ஓடுகிறது.

படி 8: அனுப்புவது

ஓடுகிறதை மட்டும் கொடுங்கள். ஓடாததைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி வேலைக்கு வருபவரிடம் தள்ளிவிடுவது உதவி இல்லை, நம் குப்பையை அவரைச் சுமக்கவைப்பது. ரிப்பேரான கிரைண்டர் அந்த அக்காவின் மகள் தனிக்குடித்தனம் போனபோது போனது, அவர்களே கேட்டார்கள். இரண்டு பால் குக்கர்களும் பாத்திரக்கடைக்கு எடைக்குப் போயின.

ஓடாத மின்சாதனத்தைக் காயலான் கடைக்குப் போடுவதைத் தவிர்க்கப் பாருங்கள். செம்புக்காக ஒயரை எரிக்கும் புகை எந்தத் தெருவுக்கும் நல்லதல்ல. 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, தயாரிக்கும் கம்பெனிகள் பழசை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்கவேண்டும். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டால் எங்கே கொடுக்கலாம் என்று சொல்வார்கள். மேளாவில் பழசைக் கொடுப்பதும் வழிதான், ஆனால் அங்கே போனால் புதுசு ஒன்றோடு திரும்புவோம், அதனால் நான் என் வீட்டுக்காரரை வெறுங்கையோடு, பர்ஸ் இல்லாமல் அனுப்பினேன்.

படி 9: அடுத்தது வாங்கும் முன்

இரவல் வாங்குங்கள். நீங்கள் ஆசைப்படும் சாதனம் சொந்தக்காரர் யாராவது வீட்டில் கட்டாயம் சும்மா இருக்கும். எனக்கு ஏர் ஃபிரையர் மேல் ஒரு கண் இருந்தது. நாத்தனார் வீட்டில் இருந்ததை இரண்டு வாரத்துக்குக் கேட்டேன், அன்று சாயங்காலமே ஆட்டோவில் வந்து இறங்கியது. அது விசிறி வைத்த சின்ன ஓவன், அவ்வளவுதான். மசாலா தடவிய மீன் நன்றாக வந்தது, அப்பளம் எண்ணெய் இல்லாமல் பொரிந்தது, உருளைக்கிழங்கு ரோஸ்ட் பரவாயில்லை. பஜ்ஜி போட்டேன். மாவு கூடையின் ஓட்டை வழியாக வழிந்து அடித்தட்டில் போய் அடையாக வெந்தது. கூடை சின்னது என்பதால் நாலு பேருக்கு மூன்று தடவை போடவேண்டியிருக்கிறது, முதலில் போட்டது கடைசியில் ஆறிப்போகிறது. கழுவ நாலு நிமிஷம், அது நல்ல எண். இரண்டு பேர் இருக்கும் வீடு என்றால் வாங்கலாம்.

இரண்டு வாரம் முடிந்ததும் துடைத்துப் பெட்டியில் போட்டு, எப்போது கொண்டுவந்து தரட்டும் என்று போன் செய்தேன். "அவசரமே இல்ல அண்ணி, நீங்களே வெச்சுக்கங்க" என்றாள். ஆடி வந்தே போய்விட்டது, பெட்டி இன்னும் எங்கள் பரணில்தான் இருக்கிறது.